மூட்டுவலி நாய்க்கு வீக்கமடக்கி மாத்திரை மாற்றும்போது வயிற்றைக் காப்பது எப்படி?

#1 செம்பழுப்பு

வணக்கம். லாப்ரடார் கலப்பு, பெண், 9 வயது, 24 கிலோ. இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம். ஐந்து மாதமாகக் கார்ப்ரோஃபென் 100 மி.கி. தினம் ஒருமுறை. நடை கொஞ்சம் தேறியது, ஆனால் படுத்து எழும்போது வலி இன்னும் இருக்கிறது. ஃபிரோகாக்சிப்புக்கு மாற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது காக்ஸ்-2 என்ற நொதியை மட்டும் தடுப்பதால் வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்கிறார்கள்.

என் கேள்விகள்: நாளையே மாற்றிவிடலாமா, இடைவெளி வேண்டுமா? ஒமிப்ரசோல் (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) சேர்த்துக் கொடுத்தால் போதுமா? சாப்பாட்டோடு கொடுத்தால் புண் வராது என்பது சரிதானா?

#2 நாலுகால்_வைத்தியம்

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள் இருக்கிறது.

இரைப்பையின் உட்சுவர் தன் அமிலத்திலேயே வெந்துபோகாமல் இருப்பதற்குப் புராஸ்டாகிளான்டின் என்ற வேதிப்பொருள்கள்தான் காரணம். சளிப்படலத்தைச் சுரக்க வைப்பது, அமிலத்தை மட்டுப்படுத்தும் பைகார்பனேட்டை வரவழைப்பது, சுவருக்கு ரத்த ஓட்டத்தைக் குறையாமல் வைத்திருப்பது, தேய்ந்த செல்களுக்குப் பதில் புதியவை வளரத் தூண்டுவது, எல்லாம் அவற்றின் வேலை. கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் என்று எந்த வீக்கமடக்கியும் (ஸ்டீராய்டு அல்லாத வகையைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம்) வலியைக் குறைப்பது இதே பொருளின் உற்பத்தியைத் தடுத்துத்தான். மூட்டில் நமக்கு வேண்டிய பலன் இரைப்பையில் வேண்டாத பலனாகிறது.

இதில் இரண்டு வழியாகக் கெடுதல் வருகிறது. ஒன்று நேரடியானது: மாத்திரை சுவரில் ஒட்டிக் கரையும்போது, அமிலச் சூழலில் மருந்து செல்லுக்குள் எளிதாக நுழைந்துவிடும், உள்ளே போனபின் வெளியே வர முடியாமல் தங்கிவிடும். சாப்பாட்டோடு கொடுப்பது இந்த நேரடி எரிச்சலைக் குறைக்கும். இன்னொன்று ரத்தத்தின் வழியாக உடம்பு முழுக்கப் புராஸ்டாகிளான்டின் குறைவது. இதைச் சோறு தடுக்காது. ஊசியாகப் போட்டாலும் இரைப்பையில் புண் வரக் காரணம் இதுதான். ஆகவே சாப்பாட்டோடு கொடுப்பது நல்ல பழக்கம், ஆனால் அது காப்பு அல்ல.

"காக்ஸ்-2 மட்டும்" என்ற பேச்சுக்கு வருவோம். புராஸ்டாகிளான்டினை உண்டாக்கும் நொதிதான் காக்ஸ், அதில் இரண்டு வகை. காக்ஸ்-1 அன்றாடப் பராமரிப்பைப் பார்ப்பது, காக்ஸ்-2 வீக்கம் வந்தால் மட்டும் எழுவது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விட்டுப்போவது இது: இரைப்பையில் ஒரு புண் ஏற்பட்டுவிட்டால் அதை ஆற்ற வருவதும் காக்ஸ்-2தான். வயிறு நலமாக இருக்கும் நாய்க்குக் காக்ஸ்-2ஐ மட்டும் தேர்ந்து தடுக்கும் மருந்து மென்மையானது, உண்மை. ஏற்கெனவே சிறு புண் இருக்கும் நாய்க்கு அதே மருந்தைக் கொடுத்தால் புண் ஆறாது, ஆழமாகும், கடைசியில் ஓட்டை விழும். நாய்களில் இப்படி ஓட்டை விழும் இடம் பெரும்பாலும் இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் பகுதி, அதாவது பைலோரஸும் அதை ஒட்டிய முன்சிறுகுடலும்.

2005இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் ஒரு தொகுப்பு வந்தது. காக்ஸ்-2 வகையைச் சேர்ந்த டெராகாக்சிப் எடுத்த 29 நாய்களுக்குக் குடல் ஓட்டை விழுந்திருந்தது. அவற்றில் 26 நாய்கள் அனுமதித்த அளவுக்கு மேல் பெற்றவை, அல்லது வேறொரு வீக்கமடக்கியோ ஸ்டீராய்டோ அடுத்தடுத்துப் பெற்றவை, அல்லது இரண்டும். 20 நாய்கள் பிழைக்கவில்லை. மருந்தின் பெயரைவிட அதை எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் அங்கே உயிரைத் தீர்மானித்தது. உங்கள் இடைவெளிக் கேள்வி அதனால்தான் முக்கியம்.

#3 அளவுக்கரண்டி

மருந்துகளின் கணக்கை நான் எழுதுகிறேன். எல்லாமே வாய்வழி, ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மி.கி. என்ற கணக்கு.

கார்ப்ரோஃபென்: நாளுக்கு 4.4 மி.கி., ஒரே வேளையாகவோ 2.2 வீதம் இரண்டு வேளையாகவோ. உங்கள் நாய்க்கு உச்சம் 105 மி.கி., ஆக 100 சரியான அளவுதான். சாப்பாட்டோடு.
மெலாக்சிகாம்: முதல் நாள் மட்டும் 0.2, அடுத்த நாளிலிருந்து 0.1. சாப்பாட்டோடு.
ஃபிரோகாக்சிப்: நாளுக்கு ஒருமுறை 5. உங்கள் நாய்க்கு 120 மி.கி. வரும். 227 மி.கி. மாத்திரையில் பாதி (113.5) அல்லது 57 மி.கி. இரண்டு.
ராபெனகாக்சிப்: 1 முதல் 2. இதை மட்டும் வெறும் வயிற்றில், அல்லது சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன்போ பின்போ. உணவோடு கலந்தால் உடம்பில் சேர்வது குறைந்துவிடும். "வலிமாத்திரை என்றாலே சோற்றோடு" என்று பழகிய வீடுகளில் இந்த மருந்து வேலை செய்யவில்லை என்ற புகார் வரும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.
மாவகாக்சிப்: 2 மி.கி., சாப்பாட்டோடு. 14 நாள் கழித்து மறுபடி, பிறகு மாதம் ஒருமுறை, மொத்தம் ஏழு தடவைக்கு மேல் இல்லை. வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும். வயிறு கெட்டால் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை, ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. இதை நிறுத்தி ஒரு மாதம் கழியாமல் வேறு வீக்கமடக்கி தொடக்கூடாது.

கிராபிப்ரான்ட் என்று இன்னொன்று உண்டு. அது காக்ஸைத் தொடுவதில்லை, புராஸ்டாகிளான்டின் போய் ஒட்டும் இடங்களில் வலிக்குப் பொறுப்பான ஈபி4 என்ற ஒன்றை மட்டும் அடைக்கும். 2 மி.கி., வெறும் வயிற்றில். இதிலும் வாந்தியும் இளகிய மலமும் வரும். முன்பு புண் வந்த நாய்க்கு இது கட்டாயம் பத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது.

இடைவெளி: கார்ப்ரோஃபென் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 8 மணி நேரம். ஐந்து பாதி கழிந்தால் இரண்டு நாளுக்குள் மருந்து கிட்டத்தட்டப் போய்விடும். ஆனால் மருந்து போவதும் சுவர் தேறுவதும் ஒன்றல்ல. அதனால் 5 முதல் 7 நாள் விடுவதுதான் வழக்கம். ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் 7 முதல் 10 நாள். பழைய மருந்தில் வாந்தியோ கருமலமோ வந்து அதனால் மாற்றுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது, புண் ஆறும் வரை காத்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வாரம்.

#4 தாழ்வாரம்

மெலாக்சிகாம் பற்றி ஒண்ணு சேர்க்கணும். நாய்க்கான திரவத்தில் 1 மி.லி.க்கு 1.5 மி.கி. இருக்கும். கூட வர்ற சிரிஞ்சுல கோடு மி.லி. இல்லை, நாயோட எடை கிலோவில் போட்டிருக்கும். அந்த சிரிஞ்சைத் தொலைச்சிட்டு சாதா சிரிஞ்சுல "24" தேடுனா விபத்துதான். 24 கிலோவுக்கு 2.4 மி.கி., அதாவது 1.6 மி.லி. முதல் நாள் மட்டும் 3.2. பூனைக்கும் குட்டி நாய்க்கும் 0.5 மி.கி. பாட்டில் தனியா இருக்கு, ரெண்டையும் மாத்தி எடுத்தா மூணு மடங்கு வித்தியாசம். அடியில தங்கும் மருந்து, ஒவ்வொரு தடவையும் நல்லாக் குலுக்கணும். குலுக்காம விட்டா ஆரம்பத்துல மருந்து கம்மியாப் போகும், பாட்டில் முடியும்போது அதிகமாப் போகும்.

மனுஷங்க மெலாக்சிகாம் மாத்திரை 7.5, 15 மி.கி.ல வருது. பத்து கிலோ நாய்க்கு 15 மி.கி.ன்னா பதினைஞ்சு மடங்கு. அரை மாத்திரைதானேன்னு கொடுக்கிறவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும்.

இன்னொண்ணு, எடையை மாசாமாசம் பாருங்க. மருந்து ஆரம்பிச்சப்ப 28, இப்ப 24ன்னா அளவும் குறையணும். ரொம்ப குண்டான நாய்க்கு மெலிஞ்சிருந்தா என்ன எடை இருக்குமோ அதை வச்சுக் கணக்குப் போடச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

#5 செம்பழுப்பு

நன்றி. எடை சென்ற வாரம் பார்த்ததுதான், சரியாக 24. வாந்தி இல்லை, பசி நன்றாக இருக்கிறது. அப்படியானால் 7 நாள் இடைவெளி விட்டு, ஒமிப்ரசோல் 20 மி.கி. காலையில் கொடுத்துக்கொண்டே ஃபிரோகாக்சிப் தொடங்கலாமா?

#6 நாலுகால்_வைத்தியம்

ஒமிப்ரசோல் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புண் வந்துவிட்ட நாய்க்கு அது அருமையான மருந்து. கிலோவுக்கு 1 மி.கி., ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு அரை முதல் ஒரு மணிநேரம் முன்னால். ஒரு வேளை மட்டும் கொடுத்தால் நாய்களில் அமிலம் நாள் முழுக்க அடங்குவதில்லை. முழுப் பலன் தெரிய இரண்டு நாளுக்கு மேல் ஆகும். கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் மணிகளை நசுக்கிவிட்டால் இரைப்பை அமிலத்திலேயே மருந்து அழிந்துவிடும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கொடுத்தால் சட்டென நிறுத்தக் கூடாது, அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். பாதியாக்கி ஒரு வாரம், பிறகு இன்னும் பாதியாக்கி ஒரு வாரம் என்று இறக்க வேண்டும்.

ஆனால் வயிறு நலமாக உள்ள நாய்க்கு, ஒரே ஒரு வீக்கமடக்கியைச் சரியான அளவில் கொடுக்கும்போது, "முன்ஜாக்கிரதையாக" ஒமிப்ரசோல் சேர்ப்பதை நான் ஆதரிப்பதில்லை. 2018இல் வந்த கால்நடை உள்மருத்துவ வல்லுநர்களின் கூட்டறிக்கையும் அப்படி வழக்கமாகக் கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. காரணம் இருக்கிறது. ஒமிப்ரசோல் அமிலத்தைக் குறைக்கும், ஆனால் சிறுகுடலின் பிற்பகுதியில் அமிலம் பிரச்சினையே அல்ல. கார்ப்ரோஃபென் போன்றவை ஈரலிலிருந்து பித்தத்தோடு மறுபடி குடலுக்குள் இறங்கி மறுபடி உறிஞ்சப்படுகின்றன. அந்தச் சுற்றில் குடற்சுவர் திரும்பத் திரும்ப மருந்தைச் சந்திக்கிறது. அங்கே ஒமிப்ரசோல் உதவாது. மாறாக, இரண்டையும் சேர்த்துக் கொடுத்த நாய்களில் குடல் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்ததையும் குடல் அழற்சியின் அடையாளங்கள் கூடியதையும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து மனிதருடையது. "அதான் கேஸ் மாத்திரை கொடுக்கிறோமே" என்ற தைரியத்தில் வாந்தி எடுத்தாலும் வலிமருந்தைத் தொடர்வார்கள்.

#7 ஈரமூக்கு

நாலுகால் டாக்டர் சொல்வதில் ஒரு திருத்தம் வைக்கிறேன். எல்லா நாய்க்கும் "தேவையில்லை" என்று சொல்லிவிட முடியாது. முன்பு புண் வந்து ஆறிய நாய், மாஸ்ட் செல் கட்டி உள்ள நாய் (அந்தக் கட்டி ஹிஸ்டமின் விடுவதால் இரைப்பை அமிலம் ஏற்கெனவே அதிகம்), ஈரல் கெட்ட நாய் ஆகியவற்றுக்கு வீக்கமடக்கியே யோசிக்க வேண்டியது. வேறு வழியில்லாமல் கொடுத்தால் காப்பு மருந்து வேண்டும்.

அப்படி வேண்டுமென்றால் மிசோப்ரோஸ்டால் நேர்வழி. அது குறைந்துபோன புராஸ்டாகிளான்டினுக்கு மாற்று. கிலோவுக்கு 3 முதல் 5 மைக்ரோகிராம், 8 அல்லது 12 மணிக்கொருமுறை. 24 கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. வயிற்றுப்போக்கு வரலாம். சினை நாய்க்குக் கூடாது, கருவைக் கலைத்துவிடும். வீட்டில் கர்ப்பமாக இருப்பவர் அந்த மாத்திரையைக் கையால் தொடவே கூடாது, உடைக்கும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஃபாமோடிடின் (அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்து) சேர்ப்பவர்களும் உண்டு. சில நாளிலேயே உடம்பு பழகிப்போய்ப் பலன் மங்கிவிடும். நீண்டநாள் காப்புக்கு அது உதவாது.

#8 நாலுகால்_வைத்தியம்

ஏற்கிறேன். நான் சொன்னது ஆபத்துக் காரணி எதுவும் இல்லாத நாய்க்கு மட்டும். அதனால் செம்பழுப்பிடம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். கடந்த இரண்டு மாதத்தில் கார்ப்ரோஃபென் தவிர வேறு என்னென்ன போயிற்று? மாத்திரை மட்டும் அல்ல. ஊசி, காதுச் சொட்டு, கண் சொட்டு, அரிப்புக்குத் தடவும் களிம்பு, பயத்துக்கோ பதற்றத்துக்கோ கொடுக்கும் மருந்து, எல்லாம் எழுதுங்கள். ஃபுளூவாக்சிட்டின் போன்றவை கூடச் சேர்ந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். சிறுநீர் போக வைக்கும் மருந்து, இதய மருந்து இருந்தாலும் சொல்லுங்கள், அது சிறுநீரகத்துக்காக.

#9 கறுப்பன்வீடு

குறுக்கே ஒரு கேள்வி. இரவில் நாய் வலியில் முனகினால், மருத்துவமனை திறக்கும் வரை, வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக்கிலோ இபுப்ரோஃபெனிலோ கால் மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாமா?

#10 அளவுக்கரண்டி

கூடாது. கால் மாத்திரையும் கூடாது.

இபுப்ரோஃபெனை நாயின் உடம்பு நம்மைப்போல் வெளியேற்றுவதில்லை, பித்தம் வழியாகச் சுற்றிச்சுற்றி வரும். ஒரே தடவையில் கிலோவுக்கு 100 மி.கி. அளவில் வயிற்றுப் புண் வரும், 175ஐத் தாண்டினால் சிறுநீரகம் பாதிக்கும். இது ஒரே தடவைக் கணக்கு. அதைவிட மிகக் குறைந்த அளவைத் தினமும் கொடுத்தாலே புண் விழும். நாப்ராக்சென் இன்னும் மோசம்: மனிதரில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 12 முதல் 17 மணி நேரம், நாயில் 74 மணி நேரம் வரை. இன்று கொடுத்தது மூன்று நாள் கழித்தும் பாதி நிற்கும், அதன்மேல் மறுநாள் இன்னொன்று ஏறும். டைக்ளோஃபெனாக் நாய்க் குடலுக்குக் கொடியது. மாத்திரை மட்டுமல்ல, உங்கள் முழங்காலில் தடவிய ஜெல்லை நாய் நக்கினாலும் உள்ளே போகிறது.

இவற்றில் ஒன்றை இரவில் கொடுத்துவிட்டால், காலையில் மருத்துவர் சரியான மருந்தைக்கூடத் தொடங்க முடியாது, இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டிவரும். ஒரு இரவின் நிம்மதிக்காக நாய் ஒரு வாரம் வலியோடு கிடக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால்தான் அடுத்த மருந்தில் ஓட்டை விழுகிறது.

மாத்திரை டப்பாவையே நாய் கடித்துத் தின்றுவிட்டால் உடனே கிளம்புங்கள். நாய்க்கான கார்ப்ரோஃபெனில் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பதால் அதைத் தேடிப்போய்த் தின்னும். கிலோவுக்கு 20 மி.கி. தாண்டினால் குடலுக்கும், 40 தாண்டினால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. முதல் இரண்டு மணி நேரம் பொன்னானது. உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே கொல்லும்.

#11 செம்பழுப்பு

நாலுகால் டாக்டர் கேட்டதற்கு: அரிப்புக்காகப் 12 நாள் முன்பு ஓர் ஊசி போட்டார்கள். வேறொரு மருத்துவமனையில். சீட்டைப் பார்த்தேன், மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட் என்று இருக்கிறது. காதுச் சொட்டு ஒன்றும் ஒரு வாரமாகப் போகிறது. அதன் பெட்டியில் டெக்ஸாமெத்தசோன் என்று இருக்கிறது. கார்ப்ரோஃபென் இன்று காலைவரை கொடுத்தேன்.

#12 நாலுகால்_வைத்தியம்

கார்ப்ரோஃபெனை இப்போதே நிறுத்துங்கள். அடுத்த வேளை வேண்டாம். ஃபிரோகாக்சிப்பும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மருத்துவரை இன்றே கூப்பிட்டு ஊசியின் பெயர், போட்ட தேதி, காதுச் சொட்டின் பெயர் மூன்றையும் சொல்லுங்கள். அந்த ஊசி பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஏன் இவ்வளவு அவசரம்? அந்த ஊசியும் காதுச் சொட்டில் உள்ள டெக்ஸாமெத்தசோனும் ஸ்டீராய்டுகள். ஸ்டீராய்டும் வீக்கமடக்கியும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகளை அறுக்கின்றன. ஸ்டீராய்டு மேலேயே மூலப்பொருளைக் குறைக்கிறது, வீக்கமடக்கி கீழே நொதியைத் தடுக்கிறது. இரைப்பைச் சுவருக்கு மிச்சம் ஒன்றும் இல்லாமல் போகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. இன்னொரு தொல்லை: ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். வயிறு கெட்டால் முதலில் குறைய வேண்டியது பசி. நீங்கள் "பசி நன்றாக இருக்கிறது" என்று எழுதியதை நான் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, அந்த ஊசி அந்த அறிகுறியை மறைத்திருக்கலாம்.

மாத்திரை ஸ்டீராய்டு என்றால் நிறுத்தி 5 முதல் 7 நாள் கழித்து வீக்கமடக்கி தொடங்குவோம். இது தேங்கிநின்று கசியும் ஊசி. மூன்று, நான்கு வாரம் வேலை செய்யும், சில நாய்களில் அதற்கும் மேல். திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் ஒதுங்க வேண்டியது வீக்கமடக்கிதான். காதுச் சொட்டில் இருப்பதும் தோல் வழியாக ரத்தத்தில் சேரும். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஸ்டீராய்டு இல்லாத சொட்டு உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

#13 தாழ்வாரம்

செம்பழுப்பு, பயப்படாதீங்க, ஆனா இன்னையிலிருந்து ஒவ்வொரு மலத்தையும் பாருங்க. இருட்டுல வெளிய விட்டுட்டு வந்துடாதீங்க, டார்ச் எடுத்துக்கிட்டுக் கூடப் போங்க.

கருமலம்னா வெறும் அடர் பழுப்பு இல்லை. தார் மாதிரி பளபளப்பா, ஒட்டுற பதத்துல, வழக்கத்தைவிட மோசமான நாத்தத்தோட இருக்கும். சந்தேகமா இருந்தா கொஞ்சத்தை வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல வச்சு மேல ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க. சுத்திக் கசியுற ஈரம் செம்பழுப்பா பரவினா ரத்தம்னு வச்சுக்கலாம். பச்சை, மஞ்சள், பழுப்புன்னா சாப்பாட்டு நிறமா இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை, பிஸ்மத், கரித்தூள், ஈரல் சாப்பிட்டிருந்தாலும் மலம் கறுக்கும், அதையும் மனசுல வையுங்க.

வாந்தியில காபித்தூள் மாதிரி துகள் வந்தா அது செரிச்ச ரத்தம். ஈறைத் தூக்கிப் பாருங்க, ரோஸ் நிறமா ஈரமா இருக்கணும். விரலால அழுத்தி எடுத்தா ரெண்டு செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும். வெளுத்துப் போயிருந்தா, முன்கால் ரெண்டையும் தரையில நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி வச்சு நின்னா, வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தா, ராத்திரியா இருந்தாலும் கிளம்பிடுங்க. சில நாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாம நேரா ஓட்டை விழுந்திருக்கு, அதனால "வாந்தி இல்லையே"ன்னு உட்கார்ந்திருக்கக் கூடாது.

#14 சோதனைக்குழாய்

ரத்தப் பரிசோதனையில் என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை, அதனால் சேர்க்கிறேன்.

இப்போது எடுக்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, யூரியா, கிரியாட்டினின், அல்புமின், மொத்தப் புரதம், ஈரல் நொதிகளான ஏஎல்டி, ஏஎல்பி, சிறுநீரின் அடர்த்தி. யூரியா ஏறி, கிரியாட்டினின் இயல்பாக இருந்தால் மேல்குடலில் ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் குடலுக்குள் கசிந்த ரத்தத்தின் புரதம் செரித்து யூரியாவாக மாறுகிறது. சிவப்பணு அடர்த்தியும் அல்புமினும் சேர்ந்தாற்போல் இறங்கினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். ஸ்டீராய்டு ஊசி ஏஎல்பியை ஏற்றிவிடும், அதைக் கண்டு கார்ப்ரோஃபென் ஈரலைக் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏஎல்டியைத் தனியாகப் பாருங்கள்.

வழக்கமான கால அட்டவணை: மருந்து தொடங்கும் முன் ஒன்று, 2 முதல் 4 வாரத்தில் ஒன்று, பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒன்று. முதல் சோதனை இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்ணுக்கு ஒப்பிட எதுவும் இருக்காது.

#15 செம்பழுப்பு

மருத்துவரிடம் பேசிவிட்டேன். அவரும் நிறுத்தச் சொன்னார், நாளைக் காலை ரத்தம் எடுக்க வரச் சொன்னார். இந்த மூன்று நான்கு வாரம் வலிக்கு என்ன செய்வது? பாரசிட்டமால் என்றார்.

#16 அளவுக்கரண்டி

நல்ல தேர்வு. மருத்துவர் எழுதித் தந்தால் நாய்க்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம், கிலோவுக்கு 10 மி.கி., 8 முதல் 12 மணிக்கொருமுறை. உங்கள் நாய்க்கு 240 மி.கி., ஆக 500 மாத்திரையில் பாதி. இரைப்பைப் புராஸ்டாகிளான்டினை அது பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் ஈரல் எண்கள் நன்றாக இருக்க வேண்டும், நாளைய ரத்தப் பரிசோதனை அதற்கும் பயன்படும். பூனை இருக்கும் வீடாக இருந்தால் மாத்திரையைப் பூட்டி வையுங்கள், பூனைக்கு ஒரே மாத்திரை உயிரை எடுக்கும்.

மாத்திரையாகவே வாங்குங்கள். மனிதருக்கான சிரப்புகளில் இனிப்புக்கு சைலிட்டால் சேர்த்திருக்கலாம், அது நாய்க்கு விஷம். கபாபென்டின் (நரம்புவழி வலியை அடக்கும் மருந்து) திரவமும் அப்படித்தான். கபாபென்டின் எழுதினால் கேப்ஸ்யூல் கேளுங்கள். கிலோவுக்கு 10 மி.கி. வீதம் 8 மணிக்கொருமுறை தொடங்குவார்கள், முதல் சில நாள் தள்ளாடும், தூங்கி வழியும். வாரக்கணக்கில் கொடுத்தால் திடீரென நிறுத்தாமல் இறக்கி நிறுத்த வேண்டும். டிராமடால் மாத்திரையை மூட்டுத் தேய்மானத்துக்கு நம்பியிருக்க வேண்டாம். நாயின் உடம்பு அதை வலியடக்கும் வடிவத்துக்குப் போதுமான அளவு மாற்றுவதில்லை.

#17 ஈரமூக்கு

மருந்தில்லாத பக்கத்தையும் இந்த வாரங்களில் பலப்படுத்துங்கள். குண்டான நாய் உடல் எடையில் 6 முதல் 9 விழுக்காடு குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. உங்கள் நாய்க்கு விலா எலும்பு லேசாக அழுத்தினாலே கைக்குப் படுகிறதா என்று பாருங்கள், படாவிட்டால் அங்கே இடம் இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி இருக்கும்வரை அது சாப்பாடு கேட்டுக்கொண்டே இருக்கும், இரங்கி அள்ளி வைத்துவிடாதீர்கள். வழுக்கும் தரையில் பாய் விரித்து வைப்பது, படியேற விடாமல் இருப்பது, நீண்ட ஒரே நடைக்குப் பதில் பத்துப் பத்து நிமிட நடை மூன்று, இவை வலிமருந்தின் தேவையையே குறைக்கும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், உடம்பு வறண்ட நாய்க்கு எந்த வீக்கமடக்கியும் ஆபத்து.

மீன் எண்ணெய் சேர்க்கலாம். மூட்டுக்குப் பலன் தெரிய வாரங்கள் ஆகும், அதனால் இப்போதே தொடங்குவது சரி. அதிகம் போனால் இளகிய மலம் வரும், நீங்கள் மலத்தைக் கண்காணிக்கும் நேரத்தில் குழப்பும். கால் பங்கில் தொடங்கி ஏற்றுங்கள்.

#18 நாலுகால்_வைத்தியம்

நாளை ரத்தம் எடுக்கும்போது இந்த நாய்க்கு ஒமிப்ரசோல் வேண்டுமா என்றும் கேளுங்கள். நான் முன்பு வேண்டாம் என்றது ஸ்டீராய்டு சேராத நாய்க்கு. பன்னிரண்டு நாள் இரண்டும் சேர்ந்து போன வயிறு இது. சிவப்பணுவோ அல்புமினோ இறங்கியிருந்தால், அல்லது மலம் சந்தேகமாக இருந்தால், 20 மி.கி. இரண்டு வேளை தொடங்குவது நியாயமானது. புண் உறுதி என்றால், புண்ணின்மேல் படலமாக ஒட்டிக் காக்கும் சுக்ரால்ஃபேட் 1 கிராம் மாத்திரையை 10 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து வெறும் வயிற்றில் புகட்டச் சொல்வார். அது மற்ற மருந்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் மற்றவற்றுக்கும் அதற்கும் இரண்டு மணிநேரம் இடைவெளி.

ஃபிரோகாக்சிப்பை எப்போது தொடங்குவது என்பதை ஊசி தேதியிலிருந்து கணக்கிடுங்கள், கார்ப்ரோஃபெனை நிறுத்திய தேதியிலிருந்து அல்ல. குறைந்தது நான்கு வாரம், காதுச் சொட்டு முடிந்து ஒரு வாரமாவது. தொடங்கும் முன் மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை. 113.5 மி.கி. ஒரே வேளை, சாப்பாட்டோடு. முதல் இரண்டு வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை மறுத்தாலும், ஒரே ஒரு வாந்தி எடுத்தாலும் அன்றைய மாத்திரையைக் கொடுக்காதீர்கள், நிறுத்திவிட்டுக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அரிப்பு திரும்ப வந்தால் அந்த மருத்துவமனையில் முதல் வரியாகவே "வலிமருந்து எடுக்கிறது" என்று சொல்லுங்கள். ஸ்டீராய்டு இல்லாத அரிப்பு மருந்துகள் இருக்கின்றன, ஒக்லாசிட்டினிப் மாத்திரையும் லோகிவெட்மாப் ஊசியும். அவற்றை வீக்கமடக்கியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

#19 செம்பழுப்பு

ரத்த முடிவு வந்தது. சிவப்பணு அடர்த்தி 44 விழுக்காடு, அல்புமின் இயல்பு, யூரியா மேல் எல்லைக்குச் சற்று மேல், கிரியாட்டினின் இயல்பு, ஏஎல்பி மட்டும் கூடுதல். மலத்தை டிஷ்யூவில் வைத்துப் பார்த்தேன், மஞ்சள் கலந்த பழுப்பு. ஒமிப்ரசோல் இரண்டு வேளை மூன்று வாரம், பாரசிட்டமால் 12 மணிக்கொருமுறை, ஏழு நாளில் மறுபடி ரத்தம் என்று எழுதியிருக்கிறார். காதுக்கு வேறு சொட்டு மாற்றிவிட்டார்.

#20 சோதனைக்குழாய்

44 நல்ல எண். யூரியா லேசாக ஏறியிருப்பது கசிவாகவும் இருக்கலாம், ரத்தம் எடுப்பதற்குச் சில மணி நேரம் முன் இறைச்சி சாப்பிட்டதாலும் இருக்கலாம். அடுத்த முறை 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு, அதே ஆய்வகத்தில் எடுங்கள். தண்ணீர் மட்டும் தடுக்காதீர்கள். யூரியா இறங்கி 44 அப்படியே நின்றால் நிம்மதி. 40க்குக் கீழே வந்தால் ஏழு நாள் முடியும்வரை காத்திருக்காமல் ஸ்கேன் கேளுங்கள், பைலோரஸ் பகுதியைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லி.